பத்து விரல் மருதாணி

இருபத்திரண்டு வருஷம் போலீஸ் கைரேகைப் பிரிவில் காலம் தள்ளிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டியவர் கிருபைராஜ். விரல் என்றால் அது தன் பேருக்குப் பட்டா போட்ட நிலம் என்பது அவர் நினைப்பு. அந்த நிலத்தில் இன்னொருத்தர் வந்து கிணறு தோண்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்? அன்று வியாழக்கிழமை காலை, டாக்டர் விஜயஸ்ரீயின் கிளினிக்கில் தன் இடது கை மோதிர விரலை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவருக்கு வந்தது சுத்தமான பொறாமை.

நகம் தோலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற விளிம்பு இருக்கிறதே, அங்கே டாக்டர் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தார். பிறகு, குனிந்து நீங்களே பாருங்கள் என்றார். கிருபைராஜ் பார்த்தார். இளஞ்சிவப்புத் தோலுக்குள் சின்னச் சின்னக் கொண்டை ஊசிகளை வரிசையாகச் செருகி வைத்தது போல ரத்தக் குழாய்கள் நின்றன. விரலின் அடிப்பக்கத்தை அவர் லட்சம் தடவை பார்த்திருப்பார். மேல்பக்கத்தில் இப்படி ஒரு சங்கதி இருப்பதை இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷனும் அவருக்குச் சொல்லவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை.

"அண்ணாச்சி, இவ்வளவு காலமா விரலைத் தலைகீழாப் பிடிச்சிட்டுல்லா பொழைப்பு நடத்தியிருக்கோம்" என்றான் தாஜ் முகம்மது.

தாஜ் முகம்மது அவருடைய உதவியாளன். மேலப்பாளையத்துக்காரன், நாற்பது வயது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது, பஸ்ஸில் ஏறிய டிக்கெட் பரிசோதகரிடமே வாயைக் கொடுத்து வேலையை இழந்தவன். அவன் டாக்டரை வியந்து பார்த்த பார்வை கிருபைராஜுக்குப் பிடிக்கவில்லை. தன்னை அவன் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அலட்டிக்கொள்ளாமல் விளக்கினார். சிறுநீரகம் என்பது இது போன்ற பொடிக் குழாய்களின் மூட்டை. ஊசியால் குத்திச் சதை எடுக்காமல் அதற்குள்ளே பார்க்க வழியில்லை. ஆனால் உடம்பில் பொடிக் குழாய்களைக் கத்தியில்லாமல் பார்க்க ஓர் இடம் உண்டு, அது இந்த நக விளிம்பு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சிறுநீரகத்தைக் கெடுத்தவர்களில் பலருக்கு இங்கேயும் அடையாளம் தெரிகிறது. இந்தக் கொண்டை ஊசிகள் குறைந்துபோகும், இருப்பது முறுக்கிக்கொள்ளும், அங்கங்கே கடுகைவிடச் சின்னதாக ரத்தம் கசிந்திருக்கும். மூன்று வருஷமாக நோயாளிகளின் விரலைப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்து வைத்திருக்கிறார்.

"இதை வச்சுத் தீர்ப்பு எழுத முடியாது சார். சந்தேகப்படலாம், அவ்வளவுதான். அப்படி ஒரு சந்தேகம் வந்ததாலதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார்.

விஷயம் இதுதான். தச்சநல்லூர் கணேஷ்ராம், கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவன், வயது முப்பத்துநாலு. சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன, டயாலிஸிஸில் நாளை ஓட்டுகிறான். சிறுநீரகம் தர இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். ஒருத்தி மனைவி வேணி. இன்னொருத்தி அக்கா பார்வதியம்மாள், ஆறு வயதில் தாயை இழந்த தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவள். இரண்டு பேருக்கும் அவனுடைய ரத்த வகைதான். ரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. ஆனால் இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்துத் தரும் பரிசோதனையில் அக்காவின் கேன் சுத்தம், வேணியின் கேனில் புரதம் கொட்டிக் கிடக்கிறது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதேதான். நோயை மறைத்துக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் பேச்சு எழுந்து, வேணியை அம்பாசமுத்திரத்துக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். திங்கட்கிழமை அக்காவைத் தானம் தருபவராக மதுரை ஆஸ்பத்திரியில் சேர்க்க நாள் குறித்தாகிவிட்டது.

வேணியின் விரல் டாக்டரின் நோட்டில் இருந்தது. அத்தனையும் ஒழுங்கான கொண்டை ஊசி. சந்தேகப்பட்டு, கிளினிக்கிலேயே கண்ணெதிரே அவளிடம் சிறுநீர் வாங்கிச் சோதித்தார். சுத்தம். அப்படியானால் வீட்டிலிருந்து வந்த கேனில் இருந்தது யாருடையது? விரலில் சிறுநீரகக் குறை தெரியும், பார்வதியம்மாளும் வந்து காட்டட்டும் என்று சொல்லி அனுப்பினால், அந்த அம்மாள் பத்து விரலுக்கும் மருதாணி வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சாயம் ஏறிய தோலுக்குள் எந்த லென்ஸாலும் பார்க்க முடியாது, அது உரிந்துபோக இரண்டு வாரம் ஆகும். கண்ணெதிரே சிறுநீர் கொடுங்கள் என்றதற்கு, இரண்டு தடவை கொடுத்தாகிவிட்டது, எத்தனை தடவை அவமானப்படுத்துவீர்கள் என்று எழுந்து போய்விட்டாள். வேணியிடம் கிளினிக்கில் எடுத்த ஒற்றைச் சோதனையையும் வீட்டில் நம்பவில்லை, இரண்டு கேன் பொய் சொல்லுமா என்கிறார்கள்.

மதுரையில் எப்படியும் மறுபடி சோதிப்பார்களே, குட்டு உடைந்துவிடுமே என்று தாஜ் கேட்டான். உடையும்தான், ஆனால் அதற்குள் வேணியின் பெயர் பட்டியலில் இருக்காது என்றார் டாக்டர். அறுவைக்கு அடுத்த தேதி கிடைக்க மூன்று நான்கு மாதம் ஆகும், கணேஷ்ராமின் உடம்பு அதுவரை தாங்காது.

கிருபைராஜ் உடனே ஒரு முடிவுக்கு வந்தார். டாக்டருக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்கிற அவசரம்தான். வேணி கத்திக்குப் பயந்து, புருஷனுடையதைத் தன் கேனில் ஊற்றித் தப்பிக்கப் பார்த்திருக்கிறாள் என்றார். அந்தச் சந்தேகம் தனக்கும் வந்தது என்று டாக்டர் அமைதியாகச் சொன்னார். அதிலும் முந்திக்கொண்டாளா என்று கிருபைராஜுக்கு எரிந்தது.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் வழியாக ஸ்கூட்டர் போனபோது தாஜ் டாக்டர் புராணத்தை நிறுத்தவே இல்லை. ஒரு சொட்டு எண்ணெயில் இத்தனை விஷயம் பார்க்கிறாளே, நாம் பீரோ பீரோவாகப் பவுடர் தூவி என்னத்தைக் கண்டோம் என்றான். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகுது, உன்னைத் தள்ளிவிட்டால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்று கிருபைராஜ் பதில் சொன்னார்.

தானம் தருபவர் சொந்தக்காரர்தானா என்று உறுதி செய்யச் சட்டம் வந்த சமயம் அது. அதற்கான படிவத்தை நிரப்ப டாக்டர் அனுப்பிய ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு தச்சநல்லூர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

திறந்தவள் பார்வதியம்மாள். ஐம்பத்திரண்டு வயது. நெற்றியில் திருநீறு, வெளிர் சேலை, கழுத்தில் ஒன்றுமில்லை. கிருபைராஜ் கையைத்தான் பார்த்தார். பத்து விரலும் முதல் கணு வரை செக்கச் செவேல் என்று சிவந்திருந்தன. புருஷன் போய் இருபது வருஷம் ஆன சைவ வீட்டுப் பெண் கையில் மருதாணி. அதுவும் தம்பி உயிருக்குப் போராடும் வீட்டில். டாக்டர் சாயத்தைப் பார்த்தாரே தவிர, அது யார் கையில் ஏறியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கிருபைராஜுக்குப் பொறாமை கொஞ்சம் தணிந்தது.

அவர் பார்வையைக் கவனித்துவிட்ட பார்வதியம்மாள், கேட்கும் முன்பே சொன்னாள். "நகச்சுத்து ஐயா. இடது கை மோதிர விரல் விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. அதான் அரைச்சு வச்சிருக்கேன்."

மற்ற ஒன்பது விரலுக்கும் நகச்சுற்றா என்று தாஜ் பவ்யமாகக் கேட்டான். ஒன்றுக்கு வந்தால் மற்றதுக்கும் பரவுமே, முன்கூட்டியே வைத்துவிட்டேன் என்றாள். மழைக்கு முன்னாலேயே குடை பிடிக்கிற ஜாதி போல என்று தாஜ் முணுமுணுத்ததை கிருபைராஜ் இருமி மறைத்தார்.

கணேஷ்ராம் உள் அறையில் படுத்திருந்தான். முகம் ஊதி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. அவனிடம் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், எந்தக் குழம்பு ஒத்துக்கொள்ளாது என்பது வரை அக்காதான் சொன்னாள். கல்யாணத் தேதியையும் அவளே சொன்னாள். கேள்வி வந்ததும் அவன் தலை தானாக அக்கா பக்கம் திரும்பிவிடும். நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு நின்ற வேணி இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். இருபத்தாறு வயதுப் பெண், அழுது அழுது முகம் வெளிறிப் போயிருந்தது.

தாஜ் தாகம் என்றான். பார்வதியம்மாள் அடுக்களைக்குப் போனாள். கிருபைராஜ் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுக்களை மேடை நன்றாகத் தெரிந்தது. அவள் மூன்று எலுமிச்சம்பழம் அறுத்தாள். ஒவ்வொரு மூடியாக எடுத்து இடது கையால் பிழிந்தாள். சாறு மோதிர விரலில் வழிந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. நகச்சுற்று வந்த விரல் தலையணையில் பட்டாலே ஆள் துள்ளி எழுந்திருப்பான். அதில் எலுமிச்சஞ்சாறு பட்டால் தெருவே கூடிவிடும்.

படிவத்தில் இருபது கையெழுத்து வாங்கும் சாக்கில் தாஜ் அவளைக் கூடத்தில் பிடித்து வைத்துக்கொள்ள, கிருபைராஜ் கொல்லைப்புறத்தில் வேணியிடம் பேசினார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் லேபிலிருந்து கொடுத்த கேன் ஒன்று இன்னும் கிடந்தது. கேனின் உடம்பில் ஒட்டினால் ஈரத்தில் உரிந்துவிடும் என்று பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டுவது அந்த லேபின் வழக்கம். மூடியை மாற்றினால் ஆளே மாறிவிடும், ஒரு சொட்டு ஊற்ற வேண்டியதில்லை. கிருபைராஜ் அந்த மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடினார். மூன்று விநாடிகூட ஆகவில்லை.

அவர் வேணியிடம் சுற்றி வளைக்கவில்லை. பயந்துகொண்டு நீதான் புருஷனுடையதைக் கலந்தாயா என்று நேராகவே கேட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை, அசதிதான் வந்தது.

"ரெண்டாந்தடவை பிடிச்ச அன்னைக்கு அவுக வீட்டுலயே இல்லைங்க. மூச்சு முட்டுதுன்னு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில படுத்திருந்தாக. நானும் மதினியும்தான் இருந்தோம்."

கிருபைராஜ் தன் காலை நேரத்து முடிவை மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டார். வீட்டில் இருந்தது இரண்டு பேர். வேணிக்குக் குறையில்லை என்று டாக்டர் கண்ணெதிரே பார்த்துவிட்டார். எனவே குறையுள்ள கேன் இன்னொருத்தியுடையது. மூடியை மாற்றியது வேணியாக இருந்தால், மதினிக்கு நோய் இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவள் தன்னைத் தாய் வீட்டுக்குத் துரத்தும்போது வாய் மூடி நிற்க மாட்டாள். விரலை மறைத்தவள் யாரோ, அவளுக்குத்தான் தன் நோய் தெரியும்.

முன்வாசலில் தாஜிடம் இதைச் சொன்னபோது அவனால் நம்ப முடியவில்லை. "கொடுக்காம இருக்கத்தான் அண்ணாச்சி ஊருல திருட்டுத்தனம் பண்ணுவாக. கொடுக்கவா பண்ணுவாக? கெட்டுப்போன சிறுநீரகத்தை வச்சுக்கிட்டு, என்னை அறுங்கன்னு ஏன் போய் நிக்கணும்?"

கிருபைராஜுக்கு மட்டும் அது புரிந்தது. காலையில் லென்ஸுக்குள் அத்தனையும் தெளிவாகத் தெரிந்தும், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லத் துடித்தது அவர் நாக்குத்தானே. நமக்கென்று இருந்த ஒரே இடத்தில் இன்னொருத்தி வந்து நின்றால் மனுஷ மனசு எதையும் செய்யும். அவர் தாஜை வாசலிலேயே நிறுத்திவிட்டு அடுக்களைக்குப் போனார்.

பார்வதியம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை. நகச்சுற்று வந்த விரலால் மூன்று எலுமிச்சம்பழம் பிழிந்ததைச் சொன்னார். மூடியைச் சொன்னார். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்த தேதியைச் சொன்னார். அவள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, தொட்டியைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினாள். மறுக்கவில்லை.

அவளுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகிறது. மாதாமாதம் சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகிறேன் என்று கிளம்பி, முருகனைக் கும்பிட்ட கையோடு அங்கே ஒரு டாக்டரிடம் மாத்திரை வாங்கி வந்திருக்கிறாள். போன வருஷம் கால் வீங்கியபோது, நீர் வழியாகச் சத்து போகிறது என்று அந்த டாக்டர் எச்சரித்திருக்கிறார். ரத்தம் எடுக்கும் நாளுக்கு முன்னால், சர்க்கரை தெரியாமலிருக்க, விரதம் என்று சொல்லிப் பட்டினி கிடந்திருக்கிறாள். இத்தனையும் எதற்கு என்று கிருபைராஜ் கேட்டார்.

"அவனுக்குச் சோறு ஊட்டுனது நான். காய்ச்சலுக்கு மடியில போட்டு முழிச்சிருந்தது நான். நேத்து வந்தவ உடம்புல ஒரு துண்டு அவன் உடம்புக்குள்ள போயிட்டா, சாகுறவரைக்கும் அவ அவனுக்குள்ளயேல்லா இருப்பா. அப்புறம் நான் யாரு ஐயா? அதை என்னால தாங்க முடியலை." அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "பழுதா இருந்தா என்ன, ஒரே ரத்தம்லா, அது அவனைக் காப்பாத்திரும்னு நெனச்சேன்."

காப்பாற்றாது என்றார் கிருபைராஜ். மதுரையில் சோதித்ததும் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வேணியும் இருக்க மாட்டாள், நாளும் போயிருக்கும், அப்போது தம்பிக்கு எஞ்சுவது மாதக் கணக்கு அல்ல, வாரக் கணக்கு என்றார். அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. உள்ளூரில் ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால் மதுரையில் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பியிருக்கிறாள். மேடையைப் பிடித்துக்கொண்டாள். 

"நான் சொன்னா அது குத்தம் சாட்டுனதாயிரும். நீங்களே போய்ச் சொல்லுங்கம்மா. பைய சொன்னாப் போதும்" என்றார் கிருபைராஜ்.

அவள் சொன்னாள். தம்பியின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, திருச்செந்தூரில் தொடங்கி மூடி வரை ஒன்று விடாமல் சொன்னாள். வேணி நிலைவாசலிலேயே நின்று கேட்டாள். கிருபைராஜும் தாஜும் கூடத்தில் நின்றார்கள். 

கணேஷ்ராம் இப்போது மனைவியைப் பார்ப்பான், மூன்று வாரமாக நோய்க்காரி என்று பேர் வாங்கியவளிடம் ஒரு வார்த்தை சொல்வான் என்று கிருபைராஜ் எதிர்பார்த்தார். அவன் கையை நீட்டி அக்காவின் தலையைத் தொட்டான். ஆறு வருஷம் சர்க்கரையை வைத்துக்கொண்டா எனக்குப் பொங்கிப் போட்டாய் என்று அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "வேணி, இன்னைக்கே அக்காவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. முதல்ல அவளைப் பாக்கச் சொல்லு."

வேணி அசையவில்லை. அவள் முகத்தில் அந்த நேரத்தில் ஏறிய பொறாமையைப் போல ஒன்றைக் கிருபைராஜ் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மனைவியாக மூன்று வருஷம் இருந்தும், உடம்பை அறுத்துத் தரச் சம்மதித்தும், அந்தக் கட்டிலில் தனக்கு இரண்டாவது இடம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கடைசியில். "திங்கக்கிழமை மதுரைக்கு நான் போகணும்லா. என்னை யாரு கூட்டிட்டுப் போவா?"

கணேஷ்ராமின் தலை வழக்கம் போல அக்கா பக்கம் திரும்பியது. பார்வதியம்மாளின் வாய்க்குள் பதில் வந்து நின்றதைக் கிருபைராஜ் பார்த்தார். அவள் அதைச் சொல்லவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் திகைத்துப் போனான். அறையில் அவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை. இரண்டு கையையும் ஊன்றி, மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, முதல் தடவையாக வேணியை நேராகப் பார்த்தான்.

"நான் வாரேன் வேணி. நாம ரெண்டு பேரும் போவோம்."

சுவரைப் பார்த்திருந்த பார்வதியம்மாளின் தோள் குலுங்கியது. வேணி கட்டிலருகே வந்து அவளைத் தாண்டிப் போய், புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.